அப்பாவின் கசின் எனக்கு என்ன முறை?

வேர்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும். "அன்புள்ள" என்று தொடங்கிவிட்டு, அடுத்த சொல் தெரியாமல் நிற்கிறேன்.

எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது அறுபதுக்கு மேல். தமிழ் கேட்டால் புரியுமாம், எழுதப் படிக்க வராதாம். மரபணுச் சோதனை செய்யும் தளம் ஒன்றில் என் பெயரும் அவர் பெயரும் பொருந்தி வந்திருக்கிறது. கடிதம் ஆங்கிலத்தில்தான். சாரம் இவ்வளவு: "நான் உன் அப்பாவின் கசின். ஆக, நீயும் நானும் ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். என் மகள் உனக்கு செகண்ட் கசின். அவளுக்கும் உன்னோடு பேச ஆசை."

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அப்பாவோட கசின்னா உனக்குச் சித்தப்பாதானே, இதுல என்ன யோசனை" என்கிறார் அம்மா. தம்பி வேறு மாதிரி. ஒன்ஸ் ரிமூவ்ட் என்றால் ஒன்றுவிட்ட என்றுதானே அர்த்தம், அதனால் அவர் நமக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அண்ணா என்றே எழுது என்கிறான். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

அப்பா இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். நாலு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அவர் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் முதல் கடிதம் இது. அவருடைய ஆளை அவர் முறைப்படியே கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாலைவெயில்:

"அன்புள்ள அங்கிள்" என்று எழுதிவிடுங்கள். அவருக்கும் புரியும், உங்களுக்கும் பிழை வராது. கடிதம் தாமதமாவதுதான் பிழை.

---

கிளைவழி:

மாலைவெயில் சொல்வது அவசரத்துக்கு உதவும் அம்மா. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. உயில், வாரிசுப் பத்திரம், பாகப்பிரிவினை இவற்றை மொழிபெயர்ப்பது என் தொழில். இந்த ஒரு சொல்லோடு நான் மல்லாடிய அளவுக்கு வேறு எந்த ஆங்கிலச் சொல்லோடும் மல்லாடியதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்வோம். பலரும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். ஒன்ஸ் ரிமூவ்ட் என்பதிலும் "ஒன்று" இருக்கிறது, ஒன்றுவிட்ட என்பதிலும் "ஒன்று" இருக்கிறது. இரண்டும் ஒரே ஒன்று அல்ல. நாம் ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாரைச் சொல்கிறோம்? கூடப் பிறந்தவனை அல்ல, பெரியப்பா மகனையோ பெரியம்மா மகனையோ. அவர் நம் தலைமுறைக்காரர், கிளை மட்டும் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் கசின். தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்து, பேரன்கள் பேசிக்கொண்டால் இரண்டுவிட்ட என்போம். அது செகண்ட் கசின். ஆக நம்முடைய "விட்ட" கணக்கு, ஆங்கிலத்தின் ஃபர்ஸ்ட், செகண்ட் கணக்கோடு சேரும். ரிமூவ்ட் கணக்கோடு சேராது.

ரிமூவ்ட் என்பது தலைமுறை ஏற்ற இறக்கம். இருவரும் ஒரே படியில் இல்லை, ஒருவர் ஒரு படி மேலே நிற்கிறார் என்றால் ஒன்ஸ் ரிமூவ்ட். இரண்டு படி என்றால் ட்வைஸ் ரிமூவ்ட். கணக்குப் போடும் வழியும் எளிதுதான். இருவருக்கும் பொதுவான முன்னோர் யார் என்று பாருங்கள். அந்த முன்னோர் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறாரோ அவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தாத்தா பாட்டி என்றால் ஃபர்ஸ்ட், கொள்ளுத்தாத்தா என்றால் செகண்ட், எள்ளுத்தாத்தா என்றால் தேர்ட். மற்றவருக்கு எத்தனை தலைமுறை கூடுதலாக இருக்கிறதோ அத்தனை ரிமூவ்ட்.

உங்கள் விஷயத்தில், அவருக்குத் தாத்தா பாட்டியாக இருந்த இருவர் உங்களுக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி. ஒரு தலைமுறை வித்தியாசம். அவர் எழுதியது அச்சு அசலாகச் சரி. அவர் மகளும் நீங்களும் ஒரே தலைமுறை, அதனால் செகண்ட் கசின். நமக்கு அது இரண்டுவிட்ட உறவு. தம்பியிடம் சொல்லுங்கள்: அந்த மனிதர் அண்ணன் இல்லை, அப்பா தலைமுறை.

இனி அம்மா சொன்னது. அது சரியாகவும் இருக்கலாம், முற்றிலும் தவறாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தீர்மானிக்க வழியே இல்லை. கசின் என்ற சொல், ஆள் எவ்வளவு தூரம் என்று சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்பதையும் சொல்லாது. நமக்கோ பக்கம்தான் எல்லாமே. உங்கள் அப்பாவுக்கு அவர் அண்ணன் தம்பி முறை என்றால் உங்களுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. மச்சான் முறை என்றால் மாமா. நடுவில் வேறொன்றும் கிடையாது.

ஒரு உயிலில் ஒரு கசினுக்குக் கொஞ்சம் நிலம் எழுதியிருந்தார்கள். பெயர் இருந்ததால் ஆள் யாரென்பதில் குழப்பமில்லை. ஆனால் தமிழில் என்ன எழுதுவது? மச்சான் என்றா, தம்பி என்றா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒன்று சொன்னார், எழுதியவரின் மகள் வேறொன்று சொன்னார். கடைசியில் வயதான ஒரு அம்மாள்தான், "அவுங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி பிள்ளைங்கப்பா" என்று முடித்துவைத்தார். பெரியம்மா மகன் என்று எழுதினேன். கிளை தெரியாமல் கசினை நான் தமிழாக்குவதே இல்லை. தெரியவே வழியில்லாவிட்டால் உறவினர் என்று எழுதி நிறுத்திவிடுவேன். அதில் தகவல் குறையும், ஆனால் பொய் கலக்காது.

ஆகவே கேள்வி ஒன்றுதான். அவருடைய அப்பா வழியில் உங்கள் தாத்தாவோடு சேர்கிறாரா, அம்மா வழியில் சேர்கிறாரா? சேரும் இடத்தில் இருப்பது அண்ணன் தம்பியா, அக்கா தங்கையா, அண்ணன் தங்கையா? அதைக் கேட்டு எழுதுங்கள்.

---

மரபணு மாணவி:

சோதனைத் தளத்தின் பொருத்தத்தை வைத்துப் பக்கம் கண்டுபிடிக்க முடியுமா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடியாது. ஃபர்ஸ்ட் கசின்கள் சராசரியாக 12.5 விழுக்காடு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒன்ஸ் ரிமூவ்ட் என்றால் அதில் பாதி, 6.25. செகண்ட் கசின் என்றால் 3.125. இவை சராசரிகள்தான், நிஜத்தில் கூடும் குறையும். சித்தப்பா மகனாக இருந்தாலும் மாமன் மகனாக இருந்தாலும் அந்த 12.5-இல் மாற்றமில்லை. அது மட்டுமல்ல, கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் இடையிலும் அதே 12.5தான். அதனால்தான் தளங்கள் ஒரே உறவைச் சொல்லாமல் "இதுவாகவோ அதுவாகவோ இருக்கலாம்" என்று பட்டியலாகக் காட்டுகின்றன. எண்ணைப் பார்த்து முறை சொல்ல முடியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு துப்பு உண்டு. எக்ஸ் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. உங்கள் அப்பாவுக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து மட்டும் வந்திருக்கும். எனவே அந்தக் கடிதக்காரர் உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் வழியில் மட்டும் உறவு என்றால், உங்கள் இருவரின் எக்ஸும் அந்த வழியில் பொருந்தவே பொருந்தாது. பொருந்தினால் வேறு ஒரு வழியும் இருக்கிறது என்று பொருள்.

---

வேர்தேடி:

கிளைவழி ஐயா, மிக்க நன்றி. உங்கள் பதிலைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டேன், உடனே பதில் வந்துவிட்டது. அவருடைய அம்மாவும் என் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். தாத்தா மூத்தவர், அவருடைய அம்மா கடைசி. கல்யாணமாகிப் போனவர் திரும்பி வரவே இல்லை. தாத்தாவின் பழைய நோட்டில் "தங்கச்சி" என்று மட்டும் ஒரு விலாசம் இருந்தது என் நினைவில் இருக்கிறது. அது இவர் வீட்டு விலாசம்தான்.

அவர் அப்பாவைவிட மூத்தவரா இளையவரா என்பதைக் கேட்க மறந்துவிட்டேன். அது தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

---

கிளைவழி:

வயதே தேவையில்லை. தாத்தாவின் தங்கை உங்கள் அப்பாவுக்கு அத்தை. அத்தை மகன் மச்சான், மூத்தவராக இருந்தால் அத்தான் என்றும் சொல்வார்கள். அப்பாவின் மச்சான் உங்களுக்கு மாமா. பெரியப்பா சித்தப்பா என்றால்தான் வயது பார்த்துப் பிரிக்க வேண்டும். மாமா மூத்தவரானாலும் மாமா, இளையவரானாலும் மாமா. "அன்புள்ள மாமா" என்று தாராளமாக எழுதுங்கள்.

அவர் மகள் உங்களுக்கு மாமா மகள். உங்களைவிட மூத்தவர் என்றால் மதினி. அண்ணி என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. இளையவர் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். தங்கச்சி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கசின் என்றதும் சிஸ்டர் என்று கை தானாகப் போகும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அவர் உங்களுக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். நீங்களும் அவருக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்தான். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே பெயர். தமிழில் அவர் மாமா, நீங்கள் மருமகள். சொல்லைக் கேட்டவுடன் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும். அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது நான் அந்தத் தொடரைத் தவிர்த்து, அப்பாவின் கசின் என்றோ கசினின் மகள் என்றோ விரித்து எழுதச் சொல்வேன். அவரும் அப்படித்தான் முதலில் விரித்து எழுதியிருக்கிறார். நல்ல பழக்கம்.

---

மாலைவெயில்:

கிளைவழி, நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஆங்கிலம் உறவு தெரியாத மொழி போல இருக்கிறதே. அங்கிள், ஆன்ட்டி, கசின் என்று மூன்று சொல்லில் ஊரையே அடக்கிவிட்டார்கள்!

---

கிளைவழி:

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடித்த வரலாறு.

பழைய ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரனுக்கு ஃபெடரா என்று ஒரு சொல்லும், அம்மாவின் சகோதரனுக்கு ஏயாம் என்று வேறொரு சொல்லும் இருந்தன. அத்தைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று தனித்தனியே உண்டு. 1066-இல் நார்மன்கள் வந்து, பிரெஞ்சுச் சொற்கள் பரவிய பிறகு அவையெல்லாம் மெல்ல மறைந்தன. அங்கிள் என்ற சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனின் அவுங்குலுஸ் என்பதிலிருந்து வந்தது. அவுங்குலுஸ் என்றால் அம்மாவின் சகோதரன் மட்டும். அப்பாவின் சகோதரனுக்கு லத்தீனில் பத்ருவுஸ் என்று வேறு சொல். ஆன்ட் வந்தது அமிதா என்பதிலிருந்து. அமிதா என்றால் அப்பாவின் சகோதரி. அம்மாவின் சகோதரிக்கு மாதெர்த்தெரா.

அதாவது ஆங்கிலம் இன்று யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் அங்கிள், பிறப்பில் நம் மாமா. ஆன்ட்டி பிறப்பில் அத்தை. பெரியப்பாவும் சித்தியும் பின்னால்தான் அந்தச் சொற்களுக்குள் வந்து குடியேறினார்கள். இதை முதன்முதலில் அகராதியில் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

கசினும் அப்படித்தான். அதன் லத்தீன் மூலம் கொன்சொப்ரீனுஸ். சகோதரி என்ற சொல்லிலிருந்து பிறந்தது, அக்கா தங்கை பிள்ளைகளைக் குறித்தது. நம் கணக்கில் அண்ணன் தம்பி முறை. அது பிரெஞ்சுக்குள் போய் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்திலும் நீண்ட காலம் இன்னும் தளர்வாகவே இருந்தது. நெருங்கிய சொந்தம் யாராக இருந்தாலும் கசின். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் க்ளாடியஸ், தன் சகோதரன் மகனான ஹாம்லெட்டை கசின் என்றும் மகன் என்றும் ஒரே மூச்சில் அழைக்கிறான். அவன் தாயை மணந்த பிறகு புதிதாகக் கிடைத்த உரிமை அந்த மகன் என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் சகோதரன் மகன் முன்பே மகன்தான். அந்த வரியைத் தமிழாக்குகிறவர் அங்கே படும் பாடு எனக்குத் தெரியும்.

ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் அப்பாவின் சகோதரன் ஃபார்ப்ரூர், அம்மாவின் சகோதரன் மூர்ப்ரூர். அப்பாவின் சகோதரி ஃபாஸ்தர், அம்மாவின் சகோதரி மூஸ்தர். அவர்களும் கசினுக்கு மட்டும் குசீன் என்று ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டார்கள்.

தூரத்தைச் சொல்வதில் ஆங்கிலத்துக்கு உள்ள துல்லியத்தையும் மறக்கக் கூடாது. மச்சான் என்று நாம் சொல்லும்போது அவர் சொந்த மாமன் மகனா, மூன்று தலைமுறை தள்ளி வந்தவரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. கேட்டால்தான் விளக்குவோம். தேர்ட் கசின் ட்வைஸ் ரிமூவ்ட் என்றால் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். வாரிசு வழக்குகளில் அந்தத் துல்லியம்தான் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

---

பின்பெஞ்சு:

இங்கே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கசின் பிரதர், கசின் சிஸ்டர் என்று நாம் சொல்வது தவறா? ஆங்கில ஆசிரியர் ஒருவர் எங்களை வகுப்பில் கடுமையாகத் திருத்துவார்.

---

கிளைவழி:

வெளிநாட்டவருக்கு எழுதும்போது வேண்டாம், அவர்களுக்கு அது விசித்திரமாகப் படும். ஆனால் அது அறியாமையில் பிறந்த சொல் என்று நான் நினைக்கவில்லை. கசின் என்பதில் ஆண் பெண் தெரியவில்லை, கூடப் பிறந்த உரிமையும் தெரியவில்லை. இரண்டையும் சேர்க்க நம்மவர்கள் கண்டுபிடித்த வழி அது. இந்திய ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்டது. ஒரே குறை, மாமன் மகளையும் கசின் சிஸ்டர் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் முறை குழம்புகிறது.

மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை என்ற பக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கிராஸ் கசின் என்ற கலைச்சொல் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மானுடவியலாளர் டைலர் வழங்கியது. பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் பேரலல் கசின். படிப்பாளிகள் வட்டத்துக்கு வெளியே அதிகம் புழங்காது. அதற்கு முன்பே 1871-இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்துப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அதில் அமெரிக்கப் பழங்குடியினரான செனெக்காக்களின் உறவுச் சொற்களும் தமிழ் உறவுச் சொற்களும் ஒரே அமைப்பில் இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். அப்பாவின் சகோதரன் அப்பா, அம்மாவின் சகோதரி அம்மா, அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்புகள் என்ற அமைப்பு அது.

---

மாலைவெயில்:

இதைத் தொடர்ந்து படித்ததில் எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. வரலாற்றில் பெயர்பெற்ற கசின்கள் யாரையாவது நம் முறைப்படி சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

---

கிளைவழி:

எத்தனையோ முறை! ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு அதுதான் வேலை.

சார்லஸ் டார்வின் 1839-இல் மணந்த எம்மா அவருடைய கசின் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எம்மாவின் தந்தையும் டார்வினின் தாயும் அண்ணன் தங்கை, அக்கா தம்பி வகை. ஆக எம்மா மாமன் மகள். 1840-இல் விக்டோரியா மகாராணி ஆல்பர்ட்டை மணந்தார். ராணியின் தாயும் ஆல்பர்ட்டின் தந்தையும் உடன்பிறந்தவர்கள். ராணிக்கு ஆல்பர்ட் மாமன் மகன், ஆல்பர்ட்டுக்கு ராணி அத்தை மகள். இவை இரண்டையும் கசின் என்ற ஒரே சொல் மூடிவிடுகிறது. திறந்து பார்த்தால் நம் கணக்கில் முறையான சொந்தம்.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கதை அதற்கு நேர் எதிர். 1905-இல் அவர் மணந்த எலினோரும் பிறப்பால் ரூஸ்வெல்ட்தான். ஃபிஃப்த் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட் என்பார்கள். கேட்டால் காததூரம் என்று தோன்றும், ஆங்கிலக் கணக்கில் தூரம்தான். ஆனால் இரண்டு கிளையும் ஒரே மூதாதையிடமிருந்து ஆண்வழியாகவே இறங்குகின்றன. நம் கணக்கில் பங்காளிகள். ஃபிராங்க்ளின், எலினோரின் அப்பா தலைமுறை. அதனால் எலினோர் அவருக்கு மகள் முறை. அந்தக் கல்யாணத்தில் எலினோரைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அப்போது அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். அவர் எலினோரின் பெரியப்பா. ஃபிராங்க்ளினுக்கு அவர் அண்ணன் முறை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது முதல் உலகப் போர். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் மூவரும் கசின்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். பிரித்துப் பாருங்கள். ஜார்ஜின் தாயும் நிக்கோலஸின் தாயும் அக்கா தங்கை, டென்மார்க் அரசரின் மகள்கள். நிக்கோலஸ் ஜார்ஜுக்குச் சித்தி மகன், வயதிலும் இளையவர், ஆகவே தம்பி. இருவரும் பார்க்கவும் அப்படியே ஒரே அச்சு. வில்ஹெல்மின் தாய் ஜார்ஜுடைய அப்பாவின் அக்கா. அதனால் வில்ஹெல்ம் அத்தை மகன், மூத்தவர், அத்தான்.

வில்ஹெல்முக்கும் நிக்கோலஸுக்கும் இடையில் என்ன? 1914 ஜூலை கடைசியில், போர் தொடங்கும் தறுவாயில் இருவரும் வில்லி, நிக்கி என்று கையெழுத்திட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். ஒன்றில் வில்ஹெல்ம் உன் நண்பனும் கசினுமாகிய வில்லி என்று முடிக்கிறார். அவர்கள் ரத்த வழியிலும் பல கிளைகளில் சேர்கிறார்கள், ஆனால் தள்ளித்தான். கிட்டத்து வழி நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா மூலம் வருகிறது. அவர் தாயும் வில்ஹெல்மின் தாயும் அக்கா தங்கை. அலெக்சாண்ட்ரா வில்ஹெல்முக்குச் சித்தி மகள், தங்கை. நிக்கோலஸ் தங்கை புருஷன்! கசின் என்று படிக்கும்போது எனக்கு இரண்டு அரசர்கள் தெரிகிறார்கள். தங்கை மாப்பிள்ளை என்று படித்தால் அந்தத் தந்தியின் கனமே வேறாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை, அவர் எழுதியது கசின்தான். ஆனால் அடிக்குறிப்பாகவாவது சொல்வேன்.

---

பின்பெஞ்சு:

ஒரே ஆளுக்கு இரண்டு வழியில் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது ஐயா? எங்கள் வீட்டிலும் அந்தச் சிக்கல் உண்டு. ஒரு வழியில் மாமா, இன்னொரு வழியில் அண்ணன்.

---

கிளைவழி:

கிட்டத்து வழி எதுவோ அதை எடுத்துக்கொள்வதுதான் நான் பார்த்த வழக்கம். இரண்டும் சம தூரம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் எப்படிக் கூப்பிடப் பழக்கினார்களோ அதுவே நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு டபுள் கசின் என்று ஒரு வகை உண்டு, ஆனால் அது வேறு. அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரை மணந்தால் அவர்கள் பிள்ளைகள் டபுள் கசின். இரண்டு வழியிலும் நமக்கு அண்ணன் தம்பி முறையே வரும், குழப்பமில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் பிள்ளைகள் இரண்டு வழியிலும் மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை. அதையும் ஆங்கிலம் டபுள் கசின் என்றே சொல்லும்.

---

மரபணு மாணவி:

டபுள் கசின்கள் சராசரியாக 25 விழுக்காடு பகிர்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி நால்வருமே பொது அல்லவா.

---

வேர்தேடி:

கடிதம் போய்விட்டது. "அன்புள்ள மாமா" என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: அம்மாவின் சகோதரனையும், அப்பாவின் அத்தை மகனையும் நாங்கள் ஒரே சொல்லால் அழைக்கிறோம், அங்கிள் என்ற சொல்லும் முதலில் அம்மாவின் சகோதரனைத்தான் குறித்தது என்று. கிளைவழி ஐயாவிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன். அவர் மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவராம், மதினி என்று எழுதிவிட்டேன். தம்பி இன்னும் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அத்தை மகன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானே மாமான்னு சொல்லியிருப்பேனே" என்கிறார்.

கடைசியாக ஒன்று. மாமாவின் மனைவி அந்த நாட்டுக்காரர், நம் சொந்தமில்லை. அடுத்த கடிதத்தில் அவரையும் விசாரிக்க வேண்டும். பெயர் சொல்லி எழுதலாமா?

---

கிளைவழி:

எந்த நாட்டவராக இருந்தாலும் மாமா மனைவி அத்தைதான் அம்மா. சில வீடுகளில் மாமி என்பார்கள். உங்கள் அப்பா வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதுங்கள்.